கால்நடைகளின் துணையும் பிள்ளைகளின் நலமும்

நெல்லும் மரக்கறியும் பயிரிடும் கமக்காரரின் வளவில் ஒரு பசுவோ, ஓரிரு ஆடுகளோ, சில கோழிகளோ இல்லாதிருத்தல் அரிது. இவற்றால் வரும் பயனைக் கணக்கிடும்போது பால், முட்டை, எரு, உழைப்பு, விற்பனைப் பணம் என்பவற்றையே நாம் எண்ணுகின்றோம். இவை யாவும் உண்மையான பயன்களே. ஆயினும் இக்கணக்கிற் சேர்க்கப்படாத பிறிதொரு பயனும் உண்டு. பேசத் தயங்கும் பிள்ளை, பிறரோடு பழக அஞ்சும் பிள்ளை, துன்ப நிகழ்ச்சியொன்றினால் மனங்கலங்கிய பிள்ளை, உடல் வளர்ச்சியிலோ அறிவு வளர்ச்சியிலோ பின்தங்கிய பிள்ளை ஆகியோருக்குப் பண்ணை விலங்குகளைப் பராமரிக்கும் வேலை நல்ல துணையாக அமைதல் கூடும். பல நாடுகளில் இஃது ஒழுங்கான ஒரு முறையாக வளர்ந்துள்ளது. அம்முறையை விளக்குவதும், அதில் எவ்வளவு நம் கமக்காரர் கைக்கொள்ளத்தக்கது, எவ்விடத்து எச்சரிக்கை வேண்டும் என்பவற்றைக் கூறுவதும் இத்துண்டுப் பிரசுரத்தின் நோக்கமாகும்.

ஒருமுறை கிராமமொன்றில் மிளகாய்ச் செய்கையைப் பார்வையிடச் சென்றவிடத்து, கமக்காரர் ஒருவர் தம் பிள்ளைகளை அழைத்துக் காட்டினார். நால்வரைப் பெயர் சொல்லிக் காட்டியவர், கதவோரம் நின்ற ஐந்தாவது சிறுவனைப் பற்றி ஒன்றுங் கூறவில்லை. வினவியபோது, “அவன் ஒரு வேலைக்கும் உதவான், ஐயா, கதையும் இல்லை” என்றார். சிறிது நேரத்தில் பின்வளவில் மறியாடு கத்தியது. மற்றப் பிள்ளைகள் எவரும் அசையவில்லை. அச்சிறுவன் மட்டும் எழுந்து சென்று, வேலியிற் குழை ஒடித்து, ஆடு எட்டக்கூடிய உயரத்திற் கட்டித் தொங்கவிட்டான். அதனை அன்றாடம் செய்பவன் அவனே என்று தாயார் பின்னர் கூறினார். அவ்வீட்டில் அவ்வேலை வேலையாக எண்ணப்படவில்லை. இப்பிரசுரம் எழுதப்படுவதற்கு அந்நிகழ்ச்சியும் ஒரு காரணமாகும்.

இம்முறை யாது?

விலங்குகளின் துணையோடு செய்யப்படும் சிகிச்சை என்பது, பிள்ளையை விலங்கோடு விளையாட விடுவதன்று. அதில் மூன்று பங்காளர் உளர்: பிள்ளை, விலங்கு, அவ்விருவரையும் அறிந்த முதியவர் ஒருவர். முதியவர் என்பவர் வைத்தியராகவோ, உளநூல் வல்லுநராகவோ, பயிற்சி பெற்ற ஆசிரியராகவோ இருத்தல் வேண்டும். பிள்ளைக்கு எந்தக் குறை உண்டு, எதை அடைதல் வேண்டும் என்பதை முன்னரே தீர்மானித்து, முன்னேற்றத்தைக் குறித்து வைத்து நடத்தப்படும்போதே அதனைச் சிகிச்சை என்று கூறுதல் பொருந்தும்.

வீட்டிற் பெற்றார் செய்யக்கூடியது இதனின் வேறானது. அதனைச் சிகிச்சை என்று கொள்ளாது, சிகிச்சைக்குத் துணையான பராமரிப்பு வேலை என்று கொள்ளுதலே சரியாகும். இவ்வேறுபாட்டை மறந்தால், வைத்தியரிடம் கொண்டு செல்லவேண்டிய பிள்ளையை ஆட்டுக்கொட்டிலில் நிறுத்திவிட்டுக் காலத்தைக் கழிக்கும் தவறு நேரும்.

இம்முறை வளர்ந்த வரலாறு

மனநோயாளரைச் சங்கிலியாற் பிணித்து வைத்திருந்த காலத்தில், இங்கிலாந்தின் யோர்க் நகரில் வில்லியம் தூக் என்பவரின் முயற்சியால் 1796 ஆம் ஆண்டில் ஓர் இல்லம் திறக்கப்பட்டது. அங்கே நோயாளர் அன்போடு நடத்தப்பட்டனர். அவர்கள் உலாவும் முற்றங்களில் முயல்களும் கோழிகளும் பிற பறவைகளும் விடப்பட்டிருந்தன. தம்மினும் மெலிந்த உயிர்களைப் பேணும்போது நோயாளரின் மனம் இளகுகின்றது என்பதை அவ்வில்லத்தார் கண்டனர். ஜேர்மனியில் பீலெபெல்ட் நகரின் அருகே 1867 ஆம் ஆண்டில் வலிப்பு நோயாளருக்கென நிறுவப்பட்ட பெத்தேல் நிலையத்திலும் பண்ணை வேலையும் விலங்குப் பராமரிப்பும் நோயாளரின் அன்றாட வாழ்வில் இடம்பெற்றன.

பிள்ளைகளைப் பொறுத்தவரை முதன்மையாகக் குறிப்பிடத்தக்கவர் நியூயோர்க் நகரைச் சேர்ந்த உளநூல் வல்லுநராகிய போறிஸ் லெவின்சன் ஆவார். எவரோடும் பழகாத சிறுவன் ஒருவன் குறித்த நேரத்துக்கு முன்னரே அவரிடம் அழைத்து வரப்பட்டான். அவ்வேளை அவருடைய நாய் ஜிங்கிள்ஸ் அறையில் இருந்தது. அது சிறுவனிடம் ஓடிச் சென்று நக்கியது. அவனும் அஞ்சாது அதனைத் தடவினான். அதன் பின்னர் நாயோடு விளையாடுவதற்கென்றே அவன் வரத் தொடங்கினான். காலப்போக்கில் அவ்விளையாட்டில் லெவின்சனையும் சேர்த்துக்கொண்டான். இத்தகைய அனுபவங்களை 1961 ஆம் ஆண்டில் அவர் வல்லுநர் கூட்டத்தில் எடுத்துரைத்தபோது சிலர் நகைத்தனர். ஆயினும் 1962 ஆம் ஆண்டில் வெளியான கட்டுரையும் 1969 ஆம் ஆண்டில் வெளியான நூலும் இத்துறைக்கு அடித்தளமாயின.

குதிரைச் சவாரியின் பயனை உலகுக்கு உணர்த்தியவர் டென்மார்க் தேசத்து லிஸ் ஹார்ட்டெல் என்னும் அம்மையார். 1944 ஆம் ஆண்டில் இளம்பிள்ளை வாதத்தினால் அவருடைய கால்கள் முழங்காலுக்குக் கீழே செயலிழந்தன. பிறர் தூக்கி ஏற்றினாலன்றிக் குதிரையில் ஏற இயலாத அவர், 1952 ஆம் ஆண்டு ஹெல்சிங்கி ஒலிம்பிக் போட்டியில் குதிரைப் பயிற்சிப் பிரிவில் வெள்ளிப் பதக்கம் பெற்றார். அதன் பின்னர் ஊனமுற்றோருக்கான சவாரி நிலையங்கள் பல நாடுகளிலும் எழுந்தன. குதிரை நடக்கும்போது சவாரி செய்பவரின் இடுப்பு, மனிதர் நடக்கும்போது அசைவதைப் போன்றே அசைகின்றது; ஆதலால் நடக்க இயலாத பிள்ளையின் தசைகளுக்கும் உடற்சமநிலைக்கும் அது பயிற்சியாகின்றது.

பண்ணையே பாடசாலையான ஓரிடம்

ஐக்கிய அமெரிக்காவின் நியூயோர்க் மாநிலத்தில் புரூஸ்ரர் என்னும் ஊரில் ஏறத்தாழ 75 ஏக்கர் பரப்புள்ள பாற்பண்ணையொன்று 1947 ஆம் ஆண்டில் சாமுவேல் றோஸ் என்னும் இளைஞரின் விருப்பப்படி அவர் குடும்பத்தாரால் வாங்கப்பட்டது. பிள்ளைகள் விலங்குகளோடு வாழ்ந்து கற்கும் சிறு விடுதிப் பாடசாலையாக அது தொடங்கிற்று. பச்சைப் புகைபோக்கிகள் என்னும் பொருள்படும் ‘கிறீன் சிம்னீஸ்’ என்பது அதன் பெயர். 1970களிலிருந்து மனத்துன்பமும் நடத்தைச் சிக்கலும் உடைய பிள்ளைகளுக்கான நிலையமாக அது மாறியது.

அங்கு பசு, ஆடு, செம்மறி, குதிரை, கோழி முதலியன வளர்க்கப்படுகின்றன. விலங்குகளுக்கு உணவிடுதல், கொட்டிலைத் துப்புரவாக்குதல், உரோமம் சீவுதல் ஆகியவற்றைப் பிள்ளைகள் ஆசிரியரோடும் சிகிச்சையாளரோடும் சேர்ந்து செய்கின்றனர். காயமுற்ற காட்டுப் பறவைகளைப் பயிற்சி பெற்றோர் பராமரித்து மீண்டும் பறக்க விடும் பகுதியும் அங்குண்டு. அடிபட்ட உயிர் தேறி எழுவதைக் காணும் பிள்ளை, தானும் தேறலாம் என்று நம்பத் தொடங்குகின்றது. இதனைச் சொற்களால் உபதேசித்தல் எளிதன்று.

கமக்காரரே நடத்தும் பண்ணைகள்

நெதர்லாந்திலும் நோர்வேயிலும் இம்முறை வேறோர் உருவில் வளர்ந்துள்ளது. அங்கே தனி நிலையம் அமைக்காது, சாதாரணக் கமக்காரர் தம் பண்ணைகளையே திறந்து வைக்கின்றனர். வேளாண்மை வேலை வழக்கம்போல் நடக்கும். அதனிடையே மனநோயாளர், அறிவு வளர்ச்சி குன்றியோர், பாடசாலையில் இடர்ப்படும் பிள்ளைகள், முதியோர் ஆகியோர் கிழமையிற் சில நாட்கள் வந்து இயன்ற வேலை செய்வர். இதற்காகக் கமக்காரருக்கு வேதனம் வழங்கப்படுகின்றது. நெதர்லாந்தில் 1998 ஆம் ஆண்டில் ஏறத்தாழ 75 ஆக இருந்த இத்தகைய பண்ணைகள் பின்னர் ஆயிரத்தைக் கடந்தன. நோர்வேயில் இத்திட்டம் ‘பண்ணை முற்றத்துக்குள்’ என்னும் பொருள்படும் பெயரால் வழங்குகின்றது. பண்ணையின் பாதுகாப்பு முதலியன பரிசோதிக்கப்பட்டே அங்கீகாரம் அளிக்கப்படும்.

இவ்விரு நாடுகளின் அனுபவத்திலிருந்து நாம் அறியவேண்டியது ஒன்றுண்டு. அங்கு வருவோர் வேடிக்கை பார்ப்போராக நடத்தப்படுவதில்லை. அவர்கள் செய்யாவிடின் செய்யப்படாது போகும் உண்மையான வேலை அவர்களிடம் ஒப்படைக்கப்படுகின்றது.

பயன் விளையும் விதம்

விலங்கைத் தொடுவதில் மந்திர ஆற்றல் எதுவும் இல்லை. பயன் விளைவதற்கான காரணங்கள் கமக்காரர் எளிதில் விளங்கிக்கொள்ளத்தக்கவையே.

முதலாவது, விலங்கு நகைப்பதில்லை. திக்கிப் பேசினாலும், பேசாதிருந்தாலும், முகத்திற் குறையிருந்தாலும், குழை கொண்டு வருபவனை ஆடு ஒரே விதமாக வரவேற்கின்றது. பிறரின் ஏளனத்துக்கு அஞ்சி ஒடுங்கிய பிள்ளைக்கு இது பெரும் ஆறுதலாகும்.

இரண்டாவது, விலங்கின் பசி நேரந் தவறுவதில்லை. காலை ஒரு வேளை, மாலை ஒரு வேளை எனக் குறித்த கடமை இருக்கும்போது பிள்ளையின் நாளும் ஓர் ஒழுங்கிற்கு வருகின்றது. வெள்ளம், போர், வீட்டார் இறப்பு முதலியவற்றால் வாழ்வின் ஒழுங்கு குலைந்த பிள்ளைகளுக்கு இவ்வொழுங்கு மிகவும் வேண்டப்படுவதாகும்.

மூன்றாவது, முதியவரும் பிள்ளையும் ஒருவர் முகத்தை ஒருவர் நோக்கிப் பேசுதல் சில பிள்ளைகளுக்குக் கடினம். இருவரும் ஒரு கன்றை நோக்கிக்கொண்டு அருகருகே நிற்கும்போது பேச்சு தானே பிறக்கின்றது. “கன்றுக்குக் குளிராதோ?” என்று தொடங்கும் பிள்ளை, பின்னர் தன் மனத்திலுள்ளதையும் கூறும்.

நான்காவது, செய்த வேலையின் பலன் கண்முன்னே தோன்றுகின்றது. வைத்த தண்ணீரைப் பசு குடித்தது. அடைவைத்த முட்டை பொரித்தது. அள்ளிச் சேர்த்த எருவினாற் கத்தரிப் பாத்தி செழித்தது. எப்போதும் பிறரால் பராமரிக்கப்படும் பிள்ளை, இங்கே தானும் ஓர் உயிரைப் பராமரிக்கின்றது. இந்நான்கு காரணங்களுள் இதுவே தலையாயது.

ஆராய்ச்சி காட்டுவது

நோர்வேயில் மனநோயாளர் 90 பேரைக் கொண்டு நடத்தப்பட்ட ஆராய்ச்சியின் முடிவு 2008 ஆம் ஆண்டில் வெளியாயிற்று. அவர்களுள் ஒரு பகுதியினர் 12 கிழமைகளுக்கு, கிழமைக்கு இருமுறை, ஒவ்வொரு முறையும் 3 மணித்தியாலம் பண்ணைகளிற் சென்று விலங்குகளோடு வேலை செய்தனர். எஞ்சியோர் வழக்கமான சிகிச்சையை மட்டும் பெற்றனர். 12 கிழமைகள் முடிந்தவுடன் பெரிய வேறுபாடு காணப்படவில்லை. ஆனால் ஆறு மாதங்களின் பின்னர் சோதித்தபோது, பண்ணைக்குச் சென்றோரிடத்தே ‘என்னால் இயலும்’ என்னும் நம்பிக்கை வளர்ந்திருந்தது. இவர்கள் வயது வந்தோர். ஆயினும் பலன் தாமதித்தே தோன்றும் என்னும் பாடம் பெற்றாருக்கும் உரியது.

ஐக்கிய அமெரிக்காவின் கொலறாடோ மாநிலத்தில் 6 வயதுக்கும் 16 வயதுக்கும் இடைப்பட்ட 127 பிள்ளைகளைக் கொண்டு நடத்தப்பட்ட மற்றோர் ஆராய்ச்சி 2015 ஆம் ஆண்டில் வெளியாயிற்று. இவர்கள் யாவரும் ஓட்டிசம் என்னும் நிலை உடையவர்கள். அஃதாவது பிறரோடு பேசுவதிலும் பழகுவதிலும் பிறவியிலேயே வேறுபாடு கொண்டவர்கள். ஒரு பகுதியினர் 10 கிழமைகள் குதிரைச் சவாரி பயின்றனர். மற்றவர்கள் அதே லாயத்தில், குதிரையைத் தொடாது, குதிரை பற்றிய பாடங்களை மட்டும் கற்றனர். சவாரி பயின்றோரிடத்தே எரிச்சலும் அமைதியின்மையும் கூடுதலாகக் குறைந்தன. அவர்கள் பேசிய சொற்களும் மிகுந்தன.

இவற்றைக் கொண்டு ஓட்டிசமோ மனநோயோ விலங்குகளால் மாறிவிடும் என்று முடிவு செய்தல் தவறாகும். சில துன்பங்கள் குறைந்தன; சில திறமைகள் வளர்ந்தன; அவ்வளவே. சில பிள்ளைகளுக்கு ஒரு பயனும் கிட்டாதிருத்தலும் உண்டு. விலங்கைக் கண்டு அஞ்சும் பிள்ளைக்கும், விலங்கின் உரோமம் ஒவ்வாது இழுப்பு வரும் பிள்ளைக்கும் இம்முறை ஏற்றதன்று.

ஏற்ற விலங்கைத் தெரிதல்

நம் வளவுகளுக்குக் குதிரை வேண்டியதில்லை. கீழ்க் கூறப்படுவன போதியவை.

மறியாடு: சாந்தமான, மனிதரோடு பழகிய, நோயற்ற மறியாடு மிக ஏற்றது. உருவிற் சிறியது, குரலாற் பதிலிறுப்பது, பராமரிப்பவரை விரைவில் இனங்காண்பது.

கோழி: கூட்டைத் திறத்தல், தீன் இடுதல், முட்டை எடுத்து எண்ணுதல் ஆகியன சிறு பிள்ளையாலும் இயல்வன. தொட விரும்பாத பிள்ளை தொடாமலே இவற்றைச் செய்யலாம்.

பசு: முதியவர் அருகில் நிற்கும்போது மட்டும் உடல் தேய்த்தல், தண்ணீர் வைத்தல் என்பவற்றை வளர்ந்த பிள்ளை செய்யலாம். பசுவுக்கு நேர் பின்புறம் கண்ணுக்குப் புலப்படாது. ஆதலாற் பின்னாலிருந்து அணுகாது, பக்கத்திலிருந்து குரல் கொடுத்துக்கொண்டே அணுகும்படி பழக்குதல் வேண்டும்.

நாம்பன், கிடாய், அண்மையிற் கன்றீன்ற பசு, குட்டிகளோடிருக்கும் நாய், தெரு நாய், தெருப் பூனை என்பவற்றைப் பிள்ளையிடம் விடுதலாகாது. குரங்கு, அணில், கிளி முதலிய காட்டு உயிர்களைப் பிடித்து வளர்த்தல் இதற்கு ஒருபோதும் பொருந்தாது. மனிதர்–விலங்குத் தொடர்பு பற்றிய சர்வதேச நிறுவனம் 2014 ஆம் ஆண்டில் வெளியிட்டு 2018 ஆம் ஆண்டில் திருத்திய வழிகாட்டலில், வீட்டு விலங்குகளையன்றிக் காட்டு விலங்குகளை, அவை பழகியனவாயினும், இம்முறைக்குப் பயன்படுத்தலாகாது என்று கூறியுள்ளது.

வேலையைத் தொடங்கும் முறை

ஒரு பிள்ளை, ஒரு விலங்கு, ஒரு வேலை, உடனிருக்கும் ஒரு முதியவர் என்னும் அளவோடு தொடங்குதல் நன்று. பின்வரும் ஒழுங்கைக் கைக்கொள்ளலாம்.

1. முதற் கிழமையில் வேலிக்கு வெளியே நின்று விலங்கைப் பார்த்தல் மட்டும் போதும். பிள்ளையின் கையைப் பிடித்து வற்புறுத்தித் தொடச் செய்தல் கூடாது.

2. அடுத்து, முதியவர் குழை கட்டும்போது பிள்ளை ஒரு கொப்பை எடுத்துக் கொடுக்கட்டும்.

3. பின்னர் ஒரு சிறு வேலையை முழுமையாகப் பிள்ளையிடம் ஒப்படைத்தல் வேண்டும். ஒரு வாளி தண்ணீர் வைத்தல், இரு கைபிடி தவிடு போடுதல் போன்ற அளவான வேலையே ஏற்றது.

4. நேரம் மாறலாகாது. பாடசாலைக்குச் செல்லுமுன் கால் மணித்தியாலமும் மாலையில் அரை மணித்தியாலமும் போதும். இவ்வேலைக்காகப் பிள்ளையைப் பாடசாலையிலிருந்து மறித்தல் பெருந் தவறாகும். பிள்ளையின் நலத்துக்காகத் தொடங்கியதை வீட்டின் கூலிச் செலவைக் குறைக்கும் வழியாக மாற்றிவிடுதல் ஆகாது.

5. எழுதத் தெரிந்த பிள்ளை ஒரு கொப்பியில் நாளும் முட்டைக் கணக்கையோ பாலின் அளவையோ குறிக்கட்டும். எழுத இயலாத பிள்ளை சுவரிற் கோடிடலாம். அக்கணக்கைத் தந்தையார் கிழமைக்கொருமுறை பார்த்து வினவுதல் வேண்டும்.

6. பாராட்டும்போது, “நீ வைத்த தண்ணீரை ஆடு முழுவதும் குடித்துவிட்டது” என்று செய்த வேலையைச் சுட்டிப் பாராட்டுதல், வெறுமனே “கெட்டிக்காரன்” என்பதினும் நன்று.

7. பிழை செய்தாற் கடிந்து அவ்வேலையைப் பறித்தல் கூடாது. குற்றத்துக்குத் தண்டனையாகக் கொட்டில் வேலையைக் கொடுத்தலும் கூடாது.

காலபோக விதைப்பின்போதும் அறுவடையின்போதும் முதியவருக்கு நேரங் கிட்டாது. அக்காலத்துக்குப் பாட்டனாரையோ மூத்த சகோதரியையோ முன்னரே ஏற்பாடு செய்தல் அவசியம். இவ்வேலையிற் குடும்பத்தார் யாவரும் முறைவைத்துப் பங்குபற்றினால், பிள்ளைக்கு மட்டுமன்றி, பிள்ளையின் குறையை எண்ணித் தமக்குள் பேச்சுக் குறைந்துபோன பெற்றாருக்கும் அஃது ஆறுதலைத் தரும். நாளில் அரை மணித்தியாலமேனும் அவர்கள் கவலையை விட்டு ஒன்றாக நிற்க ஓரிடம் கிட்டுகின்றது.

விற்பனையும் இறப்பும்

கமக்காரரின் வளவில் விலங்கு விற்கப்படும்; சிலவேளை இறைச்சிக்காகவும் விற்கப்படும்; நோயால் இறத்தலும் உண்டு. பிள்ளை பேணி வளர்த்த கிடாய்க்குட்டியைப் பிள்ளை பாடசாலைக்குச் சென்றிருக்கும் வேளையில் விற்றுவிட்டு, “கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடிவிட்டது” என்று கூறும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. சாதாரணப் பிள்ளைக்கே அது துன்பம். மனங்கலங்கிய பிள்ளைக்கோ, பல மாதங்களில் வளர்ந்த நம்பிக்கை ஒரே நாளில் அழிந்துபோகும். பெற்றாரின் சொல்லையும் அது பின்னர் நம்பாது.

ஆதலால், விற்பனைக்கென வளர்க்கும் குட்டியை இத்தகைய பிள்ளையிடம் ஒப்படையாது, நெடுங்காலம் வளவில் நிற்கும் பால்மறியையோ முட்டைக் கோழியையோ ஒப்படைத்தல் வேண்டும். குட்டிகளை விற்க நேரிடின் முன்கூட்டியே சொல்லி, விடைகொடுக்க விடுதல் நன்று. விலங்கு இறந்தால் உண்மையை மறையாது கூறி, புதைக்கும்போது பிள்ளையையும் உடன் நிற்கச் செய்யலாம். உடனே வேறொன்றை வாங்கிக் கொடுத்துத் துயரை மறைக்க முயலவேண்டியதில்லை. சில நாட்கள் கழிந்தபின் பிள்ளையே கேட்கும்.

விலங்கின் நலம்

துன்புறும் விலங்கு எவரையும் தேற்றாது. நிழல், தூய தண்ணீர், உலர்ந்த தரை, வயிறார உணவு ஆகியன முதலில் அமைதல் வேண்டும். ஆடு விலகி நடத்தல், தலையைத் திருப்பிக்கொள்ளுதல், காலால் தரையை உதைத்தல் ஆகியன ‘போதும்’ என்பதற்கு அறிகுறிகள். அவற்றைப் பிள்ளைக்குக் கற்பித்தல், பிறர் மனத்தைக் குறிப்பால் அறியக் கற்பித்தலுமாகும். விலங்கு விலகிச் செல்ல இடமில்லாதவாறு மூலையில் மறித்து நிற்கலாகாது. வழியடைபட்ட விலங்கே முட்டும், உதைக்கும், கடிக்கும்.

நோய்த்தடுப்பு

விலங்குகளிலிருந்து மனிதருக்குத் தொற்றும் நோய்கள் பல. இங்கிலாந்தில் 2009 ஆம் ஆண்டில் பிள்ளைகள் விலங்குகளைத் தொட்டு விளையாடும் பண்ணையொன்றிலிருந்து ஈ. கோலை ஓ157 என்னும் பற்றீரியம் பரவி 93 பேர் நோயுற்றனர். அவர்களுட் பெரும்பாலோர் சிறு பிள்ளைகள். சிலருக்குச் சிறுநீரகமும் பாதிக்கப்பட்டது. அவ்விலங்குகள் நோயின்றியே காணப்பட்டன. ஆதலால் விலங்கு ஆரோக்கியமாகத் தோன்றுகின்றது என்று அலட்சியஞ் செய்யாது, பின்வருவனவற்றை நாளுங் கைக்கொள்ளல் வேண்டும்.

கைகழுவுதல்: கொட்டிலை விட்டு வந்தவுடன் சவர்க்காரமும் ஓடும் நீரும் கொண்டு 20 விநாடியாவது கைகளைத் தேய்த்துக் கழுவுதல் வேண்டும். கொட்டிலினுள் உண்ணுதலும் விரலை வாயில் வைத்தலும் கோழிக்குஞ்சை முத்தமிடுதலும் கூடா. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளை இதிற் சிறப்பாகக் கண்காணித்தல் அவசியம்.

விசர்நோய்: வளவிலுள்ள நாய்க்கும் பூனைக்கும் ஆண்டுதோறும் தடுப்பூசி போடுவித்தல் வேண்டும். எந்த விலங்காயினும் கடித்தால், கீறினால், காயத்தின்மீது நக்கினால், உடனே சவர்க்காரமும் ஓடும் நீருங் கொண்டு 15 நிமிடம் கழுவி, தாமதியாது வைத்தியசாலைக்குச் செல்லவேண்டும். நோயின் அறிகுறி தோன்றியபின் உயிர் பிழைத்தல் அரிதினும் அரிது. அறிகுறி தோன்றுமுன் தடுப்பூசி பெற்றால் நோயைத் தவிர்க்கலாம். ஏசுவார்கள் என அஞ்சிச் சிறு கீறலைப் பிள்ளை மறைத்தல் கூடும். சொன்னால் ஏசமாட்டோம் என்பதை முதல்நாளே கூறிவைத்தல் வேண்டும்.

எலிக்காய்ச்சல்: வயல் வேலை செய்வோர் நன்கு அறிந்த இந்நோய் எலியின் சிறுநீராலும் மாட்டின் சிறுநீராலும் பரவும். காலிற் புண்ணுள்ள பிள்ளையை ஈரக் கொட்டிலில் இறங்க விடலாகாது. காலணி அணிவித்தல் வேண்டும். தீனை எலி அணுகாதவாறு மூடி வைத்தல் வேண்டும்.

பிற நோய்கள்: பாலைக் காய்ச்சியே அருந்தல் வேண்டும். கருக்கலைந்த ஆட்டையோ மாட்டையோ அதன் கழிவையோ பிள்ளைகளும் கர்ப்பிணிகளும் தொடலாகாது. உரோமம் வட்டவட்டமாக உதிர்ந்த விலங்குக்குப் படர்தாமரை இருத்தல் கூடும்; அதனை வைத்தியரிடம் காட்டிக் குணமாகும்வரை விலக்கி வைத்தல் வேண்டும். குடற்புழு மருந்தைக் கால்நடை வைத்தியரின் ஆலோசனைப்படி காலந்தவறாது கொடுத்தல் அவசியம். பச்சை எருவை இலைக்கறிப் பாத்திகளில் நேரே இடாது, நன்கு மக்கச் செய்து இடுதல் நன்று.

வைத்தியரை நாடவேண்டிய நிலைகள்

இரண்டு வயதாகியும் இரு சொற்களைச் சேர்த்துப் பேசாத பிள்ளை, பெயர் சொல்லி அழைத்தாலும் திரும்பாத பிள்ளை, முன்பு பேசிய சொற்களை இழந்த பிள்ளை, வலிப்புக் காணும் பிள்ளை, தன்னைத்தானே அடித்துக் காயப்படுத்தும் பிள்ளை, துன்ப நிகழ்ச்சியின் பின் பல கிழமைகளாக உறங்காத பிள்ளை ஆகியோரை வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுதலே முதற் கடமை. கிராமத்துக்கு வரும் குடும்பநல உத்தியோகத்தரிடம் கூறினால் வழிகாட்டுவார். பேச்சுப் பயிற்சியும் பிற சிகிச்சையும் இளவயதில் தொடங்கப்படின் பயன் கூடுதலாகும். விலங்கு எவ்விதத்திலும் பிள்ளையைத் துன்புறுத்தாதிருக்கவேண்டும் என்பது போன்றே, பிள்ளை விலங்கை மீண்டும் மீண்டும் வேண்டுமென்றே துன்புறுத்துமாயின் அதனையும் சாதாரணக் குறும்பென்று விடாது வைத்தியரிடம் கூறுதல் வேண்டும்.

முடிவுரை

இம்முறைக்கு வேண்டிய விலங்கும் வேலையும் கமக்காரரின் வளவில் ஏற்கனவே உள்ளன. புதிதாக வேண்டப்படுவன மூன்று: பிள்ளையோடு அரை மணித்தியாலம் உடனிருக்கும் பொறுமை, நோய்த்தடுப்பிற் கவனம், பிள்ளை செய்யும் வேலையை வேலையென ஏற்கும் மனம். முதலிரண்டையும் பழகிக்கொள்ளலாம். மூன்றாவது இல்லாவிடின் மற்றவற்றாற் பயனில்லை.

முற்கூறிய வீட்டுக்கு மிளகாய் அறுவடைக் காலத்தில் மீண்டும் செல்ல நேர்ந்தது. சிறுவன் அப்போதும் அதிகம் பேசவில்லை. ஆயினும் ஆடு எத்தனை என்று கேட்டபோது, தந்தையார் தாம் விடை கூறாது, “அது அவனுடைய பொறுப்பு, ஐயா, அவனைக் கேளுங்கள்” என்றார். சிறுவன் மூன்று விரல்களைக் காட்டினான்.

விலங்குகளின் தெரிவு, கொட்டில் அமைப்பு, தடுப்பூசி ஆகியன பற்றிய ஆலோசனைகளுக்குக் கமக்காரர் தம் பகுதி விவசாயப் போதனாசிரியரையோ அரசாங்கக் கால்நடை வைத்தியரையோ அணுகுவார்களாக.